சாப்பாட்டு சிஸ்டர்

கடலூர் முதுநகரில் என் அக்கா வீடு இருந்த தெருவில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு சிஸ்டர் என்றால்தான் தெரியும். தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே எதிர்வீட்டுக்காரர், "வந்துட்டாங்கடா சாப்பாட்டு சிஸ்டர், சட்டிய மூடி வைங்க" என்று குரல் கொடுப்பார். அவர் வீட்டுச் சட்டியை சிஸ்டர் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்ட நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும்தான் அவர் போவார். நர்ஸான அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அதுதான். புண்ணைக் கழுவிக் கட்டுவார், வலி மாத்திரை கொடுப்பார், படுத்தே கிடப்பவர்களை எப்படிப் புரட்ட வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தருவார். எல்லாம் முடிந்ததும், "சரி, சாப்பாடு போடுங்க" என்று நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

நல்ல உயரம். நாற்பதைத் தாண்டியவர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, பொட்டில்லாத நெற்றி, ஆண்கள் போடுகிற மாதிரி ஒரு செருப்பு. மருந்துப் பையின் ஓரத்தில் எப்போதும் ஒரு சின்ன பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் இருக்கும். எதற்கு என்று கேட்டால், "எல்லா வீட்லயும் ஒழுங்காவா சமைக்கிறாங்க?" என்பார்.

முதல் நாள் கதவைத் திறந்தவன் நான்தான்.

"என்ன கொழம்பு?" என்றார். வணக்கம் இல்லை, யார் என்று சொல்லவும் இல்லை.

"பேஷண்ட் உள்ள இருக்காங்க சிஸ்டர்."

"அவுங்களப் பாக்கத்தான் வந்திருக்கேன். கொழம்பு என்னன்னு கேட்டேன்."

"ரசம்."

"தொட்டுக்க?"

"ஒண்ணுமில்ல."

"மீன் வந்து எறங்குற ஊருல இருந்துகிட்டு வெறும் ரசமா!" என்று என்னை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. சாகக் கிடப்பவள் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி இதுதானா என்று மனதுக்குள் திட்டினேன்.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். பாண்டிச்சேரிக்கு நடையாய் நடந்து எல்லா வைத்தியமும் பார்த்தாகிவிட்டது. கட்டி உடைந்து புண்ணாகிவிட்ட பிறகு வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. சிதம்பரத்தில் கீழ வீதியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. அதை என் மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டு, வாரத்தில் பாதி நாள் அக்காவோடு இருந்தேன். புண்ணின் வாடை வாசல் வரை வரும். அதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைச் சொல்லாமல் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது.

அந்த வீட்டில் அதற்கு முன்பு வேறு வாடைதான். அக்கா சுறா புட்டு செய்தால் தெருவில் நாலு வீட்டிலிருந்து கிண்ணம் வரும். அவ்வளவு கைப்பக்குவம். நோய் வந்த பிறகும், கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு நாள், எழுந்து நின்று புட்டு செய்து எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினாள். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். சிரித்தபடிதான் வாங்கிக்கொண்டார்கள். சற்று நேரம் கழித்து அந்தப் புட்டு அவர்கள் வீட்டுக் கோழிகளுக்கு முன்னால் கொட்டப்பட்டதை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அதற்குப் பிறகு அவள் சமையல்கட்டுப் பக்கம் போகவில்லை. தனக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, அதன் விளிம்பில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். வேறு யாருக்கும் அந்தத் தட்டு போய்விடக் கூடாதாம்.

மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமா துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. அக்காவுக்குக் காற்று மெத்தை, மாதுளம்பழம், ஊதுபத்தி என்று எதைக் கேட்டாலும் வாங்கி வந்து போட்டுவிடுவார். ஆனால் அறைக்குள் வர மாட்டார். வாழ்நாள் முழுக்க மீன் நாற்றத்தில் புழங்கிய மனிதருக்கு இந்த வாடை குடலைப் புரட்டியது. ஒரு தடவை உள்ளே வந்து, அக்கா கண் முன்னாலேயே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். அந்த வெட்கத்தில் அதற்குப் பிறகு நிலைப்படியோடு நின்றுவிடுவார். ரயிலடிப் பக்கம் பரோட்டா கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து வாசலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வார்.

அக்கா என்னிடம் ஒரே ஒரு ஆசைதான் சொன்னாள். "உங்க மாமா ஒரு நாளு உள்ள வந்து எம் பக்கத்துல ஒக்காந்து சாப்புட்டா போதும்டா. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒண்ணாதான் சாப்புடுவோம். அந்த மனுசனுக்குத் தனியா சாப்புடவே தெரியாது."

இதை நான் போய் மாமாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் வருவார். வந்தால் மறுபடியும் குமட்டும். அதை அக்கா இன்னொரு தடவை பார்க்க வேண்டுமா?

முதல் நாள் சிஸ்டர் உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் புண்ணைக் கழுவினார். ஏதோ ஒரு மாத்திரையைப் பொடியாக்கி அதன் மேல் தூவினார். "தெனமும் நீ இத இப்படியே பண்ணணும். ஒரு வாரத்துல வாட பாதி கொறஞ்சிடும்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டார். அந்த வாடையில்தான். பல மாதங்களாக அந்த அறைக்குள் அக்காவைத் தவிர யாரும் எதையும் வாயில் வைத்ததில்லை. அக்கா தலையைத் திருப்பி அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரசத்துல உப்பே இல்லியே. யாரு வச்சது?" என்றார் சிஸ்டர்.

"எந் தம்பிதான்."

"மூஞ்சப் பாத்தாலே தெரியுது. நீ படுத்துகிட்டே சொல்லக் கூடாதா இவனுக்கு? அடுத்த வியாழக்கெழம வரேன். ஒழுங்கா ஒரு மீன் கொழம்பு வச்சி வைங்க."

அக்கா சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டு வாசலில் இருந்த மாமா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான். அதற்குப் பிறகு அக்காவின் வாரம் வியாழக்கிழமையை வைத்துதான் நகர்ந்தது. என்ன மீன், எங்கே வாங்குவது, புளி எவ்வளவு, எல்லாம் படுக்கையிலிருந்தே உத்தரவு வரும். நான் சமையல்கட்டிலிருந்து கத்தி சந்தேகம் கேட்பேன், அவள் மூச்சு வாங்க வாங்கப் பதில் சொல்வாள். சிஸ்டர் வந்து சாப்பிட்டுவிட்டு ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டுப் போவார். சங்கராவில் காரம் ஜாஸ்தி. நெத்திலியை ஒழுங்காக ஆய்ந்து போடவில்லை. குழம்பு தண்ணியாக இருக்கிறது. ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வாரா வாரம் ஓசியில் சாப்பிட்டுவிட்டு நொட்டை வேறா என்று நான் பல்லைக் கடிப்பேன். அக்கா, "சும்மா இருடா. அவுங்க சொல்றது சரிதான். புளி கொஞ்சம் முன்னாடியே ஊத்திட்ட" என்று அடுத்த வாரத்துக்குத் தயாராகிவிடுவாள்.

கட்டுப் போடும்போது வலி தெரியாமல் இருக்க சிஸ்டர் மற்ற வீட்டுக் கதைகளைச் சொல்வார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பெரியவர். ரிட்டையர்டு வாத்தியாராம். சிஸ்டர் சாப்பாடு கேட்டதும், எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்திருக்கிறார். சிஸ்டர் சொல்லியிருக்கிறார். பெரியவர் மருமகளைக் கூப்பிட்டு, தோட்டத்தில் இலை போட்டுச் சோறு வைக்கச் சொல்லிவிட்டார்.

"நீங்க என்னா பண்ணீங்க?" என்று அக்கா எழுந்து உட்காரப் போனாள்.

"அசையாத. நான் என்னா பண்ணேன், எலைய அப்புடியே ரெண்டு கையால தூக்கிகிட்டு வந்து அவுரு கட்டில்கிட்ட வச்சி ஒக்காந்துட்டேன். அங்க ஒரே வெயிலு அய்யா, இங்கதான் ஃபேன் ஓடுதுன்னேன்."

"அவுரு?"

"மூஞ்சத் திருப்பிகிட்டாரு. அடுத்த வாரமும் திருப்பிகிட்டாரு. அப்பறம் ஒரு நாளு, சிஸ்டருக்கு இன்னும் சோறு வைக்கலியான்னு மருமகளத் திட்டுறாரு!"

அக்கா அன்றைக்குக் கட்டு அவிழ்த்ததே தெரியாமல் இருந்தாள். அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. சிஸ்டரும் சொல்லவில்லை.

ஒரு நாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஏதோ மீட்டிங்குக்காக வந்தாராம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. தயிர்சாதம், நடுவில் அவருடைய அந்த எலுமிச்சை ஊறுகாய். ஒரு வாய்கூட எடுத்திருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன சிஸ்டர், உப்பு இல்லியா?" என்று சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "எறங்க மாட்டேங்குது தம்பி" என்றார்.

"ஒடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க வீட்டுச் சோறுதான் எறங்காது. உங்கள மாதிரி வீட்ல எல்லாம் எப்புடியோ சாப்புட்டுடுவேன். அங்க சாப்புட்டே ஆவணும். எங்க வீட்டுக்குப் போயி தட்டு முன்னால ஒக்காந்தா, பகல்ல பாத்ததெல்லாம் அப்புடியே வந்து நிக்கும். எங்கம்மா தெனமும் கட்டிக் குடுக்குது. தெனமும் ஏதாவது நாய்க்குப் போட்டுட்டு, காலி பாக்ஸக் கொண்டுபோயி காட்டுறேன்."

இவரையா சோற்றுக்கு அலைகிறவர் என்று நினைத்தேன்! பேச்சை மாற்றுவதற்காக, "அப்ப எங்க வீட்டுச் சாப்பாடு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க. வாரா வாரம் கொறதான சொல்றீங்க?" என்றேன்.

"நல்லாருக்குன்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சி போச்சே தம்பி. கொற சொன்னாதான் அவுங்களுக்கு அடுத்த வாரத்துக்கு ஒரு வேல இருக்கும். அடுத்த வாரம் இருக்குதுன்னு தெரியுற வரைக்கும்தான் கொற சொல்லுவேன். இல்லாத வாரத்துக்கு வேல வைக்கக் கூடாதுல்ல?"

என் பஸ் வந்துவிட்டது. கடலூர் போய்ச் சேரும் வரை அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நினைத்துக்கொண்டே போனேன்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை ஒரு தப்பு நடந்துவிட்டது. நான் கட்டிலில் அக்காவைத் தாங்கி உட்கார வைத்திருந்தேன். அக்கா அதற்குள் ரொம்ப இளைத்துவிட்டாள், பிடித்துக்கொள்ளாவிட்டால் சரிந்துவிடுவாள். சிஸ்டர் சாப்பாடு கேட்டார். என்னால் எழுந்து போக முடியாததால் மாமா சமையல்கட்டுக்குப் போய்ச் சோறும் குழம்பும் போட்டு எடுத்து வந்து, நிலைப்படியில் நின்றபடியே கையை நீட்டினார். சிஸ்டர் வாங்கிப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

"அய்யோ சிஸ்டர், அது என் தட்டு!" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நாளாகியிருந்தது.

மாமாவுக்குப் புரியவில்லை. "உன் தட்டா? எது உன் தட்டு?"

"செவப்பு பொட்டு வச்சிருக்குதுல்ல. அது எனக்குன்னு தனியா வச்சது. எனக்கு வந்தது யாருக்கும் வந்துடக் கூடாதுன்னு நாந்தான் வச்சேன். அத அவுங்க கையில குடுத்துட்டீங்களே!"

அந்த வீட்டில் அப்படி ஒரு தட்டு இருப்பதே மாமாவுக்குத் தெரியாது. அவள் எதில் சாப்பிடுகிறாள் என்று பார்க்க அவர் உள்ளே வந்திருந்தால்தானே தெரியும்!

சிஸ்டர் தட்டைத் திருப்பி அந்தப் பொட்டைப் பார்த்தார். "நல்லா வட்டமா வச்சிருக்கியே. எனக்குப் பொட்டு வச்சே பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டு, பிசைந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மாமா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே நின்றார். "கொழம்புல பூண்டு வேவல" என்று குறை சொல்லிவிட்டு, கையைக் கழுவி, மாமாவின் தோளைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாமா பரோட்டா கடைக்குப் போகவில்லை. ஒன்றுமே சாப்பிடவில்லை. வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "மச்சான், அவ எப்பலேர்ந்து தனித் தட்டுல சாப்புடுறா?" என்று கேட்டார். நான் சொன்னேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் அவரே போய் பால் சுறா வாங்கி வந்தார். என்னைச் சமையல்கட்டுக்குள் விடவில்லை. அக்காவுக்கு அப்போது பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் அதைச் சமையல்கட்டு வாசலில் நின்று மாமாவிடம் சொன்னேன். வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, தண்ணீர் இல்லாமல் பிழிந்து, வெங்காயமும் பூண்டும் வதக்கி, ஒரு வழியாகப் புட்டு ஆகிவிட்டது. சிஸ்டர் வந்தார். அக்காவின் நாடியைப் பிடித்தார். காலைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சாப்பாடு கேட்டார்.

மாமா தட்டைக் கொண்டுவந்தார். அதே பொட்டுத் தட்டு. இந்தத் தடவை தெரிந்தே எடுத்திருந்தார். சிஸ்டர் கையை நீட்டவில்லை.

"எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்குண்ணே. நீங்க சாப்புடுங்க."

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில், சிஸ்டர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

"வேற தட்டுல போட்டுக்குங்க" என்றாள் அக்கா. பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

"இதுலயே சாப்புடுறேன் புள்ள."

சாப்பிட்டார். முதல் வாய் தொண்டையில் நின்றது எனக்குத் தெரிந்தது. கண்ணை இறுக்கி மூடி அதை விழுங்கினார். அடுத்த வாய்க்குக் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அக்கா கையை நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்து அவர் தோளில் வைத்தாள். "மெதுவா சாப்புடுங்க. நல்லா மென்னு சாப்புடுங்க" என்றாள். நான் அந்த இடத்தில் நிற்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமா சாப்பிட்டு முடித்த பிறகு சிஸ்டர், "சரி, எனக்கும் ஒரு கரண்டி வையிங்க, ருசி பாப்போம்" என்று கையில் வாங்கிச் சாப்பிட்டார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்ன குறை என்று கேட்கிற பார்வை.

"நல்லாருக்கு" என்றார் சிஸ்டர். "ரொம்ப நல்லாருக்கு."

பஸ் ஸ்டாண்டில் அவர் சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அக்கா சிரித்தாள். "அப்பாடா" என்றாள். அவளுக்கு அது தெரிந்துதான் இருந்ததா, இல்லை, ஒரு சமையல்காரிக்கு வருகிற சந்தோஷம்தானா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. சிஸ்டர் அவள் நெற்றியில் கையை வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் வண்டியைக் கிளப்பாமல் ரொம்ப நேரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். மாமா மடியில்தான் போனாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகுதான் மாமாவைப் பார்க்க பயமாக இருந்தது. வண்டிக்குப் போகவில்லை. யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் தொடவில்லை. அந்தத் தட்டைக் கழுவி அக்காவின் கட்டில் மேலேயே வைத்திருந்தார். சிதம்பரத்துக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "வரேன், வரேன்" என்பார். ஆனால் எழுந்திருக்க மாட்டார். இரண்டாவது சாவும் இந்த வீட்டில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நோயாளி இல்லாத வீட்டில் அவருக்கு இனி வேலை இல்லை. எதிர்வீட்டுக்காரர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டர் உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"என்ன கொழம்பு?" என்றார்.

"ஒலையே வைக்கல சிஸ்டர்" என்றேன் நான்.

"உன்னக் கேக்கல. அண்ணே, பசிக்குது. சுறா புட்டு வேணும்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "சுறாவுக்குத் தொறமொகத்துக்குப் போவணுமே" என்றார்.

"போயிட்டு வாங்க. இன்னும் ரெண்டு வீடு இருக்கு, பாத்துட்டு வரேன்."

போனார். வாங்கி வந்தார். தட்டுத் தடுமாறிச் சமைத்தார். சிஸ்டர் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். எதிரில் மாமாவையும் உட்காரச் சொன்னார். மாமா பொட்டுத் தட்டை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்து சிஸ்டர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"உப்பு ஜாஸ்தி" என்றார். "வாயில வைக்க முடியல. அடுத்த வாரம் வரேன், ஒழுங்கா செஞ்சி வைங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுகிறேன் என்று மாமாவுக்குப் புரியவில்லை.

அதற்கு அடுத்த புதன்கிழமை சிதம்பரத்தில் கடையில் இருந்தபோது மாமாவின் போன் வந்தது.

"மச்சான், உப்ப சுறா வேவும்போதே போடணுமா, உதுத்த பொறவு போடணுமா? உங்கக்கா எப்ப போடுவா? நாளைக்கு அந்த சிஸ்டர் வருவாங்க."

அவளைத்தான் கேட்க வேண்டும் என்பது வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"ரெண்டு தடவையும் போடுங்க மாமா."

"ரெண்டு தடவ போட்டா ஜாஸ்தியாயிடுமேடா."

"ஆவட்டும் மாமா" என்றேன்.